நாற்பது பிள்ளைகளோடு எந்தத் தீவுக்குப் போவது?

எங்கள் பள்ளி வடசென்னைத் தண்டையார்பேட்டையில் இருக்கிறது. கிழக்கிலிருந்து காற்று வீசினால் காசிமேட்டுக் கருவாட்டு வாசனை வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வாரத்தில் இரண்டு நூலகப் பாடவேளைகள் என் பொறுப்பு. ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் பதிவேட்டு வேலையைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே நாவலை, முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை, நாற்பது பேரும் சேர்ந்து வாசித்து முடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எந்த வகை நாவல் என்பதில் குழப்பம் இருக்கவில்லை. ஆளில்லாத இடத்தில் தனியாக அகப்பட்டுக்கொண்ட ஒருவர் எப்படிப் பிழைத்தார் என்கிற கதைக்குக் காது கொடுக்காத பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. எந்த நாவல் என்று முடிவுசெய்யத்தான் இரண்டு ஆண்டுகள் ஆயின. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் இதையே கேட்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் இந்த வகைக் கதைக்கு ஒரு தனி நிலை உண்டு. இன்று ஏழாம், எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்கள். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததைப் பார்த்தவர்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதைச் சுவரிலிருந்த கறுப்புக் கோட்டை வைத்துச் சொல்வார்கள். பெற்றோரைக் கேட்டால் 2015 வெள்ளத்தையும் 2016 வர்தா புயலையும் சொல்வார்கள். தாத்தா பாட்டிகளுக்கு 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. இப்படிப்பட்ட வகுப்பில் உயிர் பிழைக்கும் கதையைத் திறந்தால், அது வெறும் கற்பனைச் சாகசமாக நின்றுவிடாது.

அதனால் என் அளவுகோலை மாற்றிக்கொண்டேன். பரிசு வாங்கிய புத்தகமா, மொழி எளிதா, பக்கம் குறைவா என்று பார்ப்பதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினேன். புத்தகத்தின் எந்தெந்த இடங்களில் என் மாணவர்கள் என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் ஆகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. நான் காஞ்சிபுரம் பக்கத்து வயல்காட்டில் வளர்ந்தவள். கடலைக் கரையிலிருந்து மட்டுமே அறிந்தவள். வகுப்பில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் எனக்குச் சொல்லித்தரும் இடங்கள் எந்தப் புத்தகத்தில் அதிகமோ, அந்தப் புத்தகம் அந்த வகுப்புக்குரியது என்று நினைக்கிறேன்.

இரண்டு நாவல்களை முதலிலேயே ஒதுக்கினேன். யான் மார்ட்டலின் ‘லைஃப் ஆஃப் பை’ புதுச்சேரிச் சிறுவனின் கதை. 227 நாட்கள் கடலில். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியில் அவன் சொல்லும் இன்னொரு கதையில் மனிதர்கள் மனிதரைக் கொன்று தின்கிறார்கள். அதைத் தாங்கிப் பேச மேல்நிலை வகுப்பாவது வேண்டும். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ பெரியவர்களுக்கான நாவல். அதைப் பிள்ளைகளிடம் கொடுக்க முடியாது. ஆனால் கடற்கரைப் பள்ளியில் வேலைசெய்யும் ஆசிரியர் தனக்காக ஒருமுறை வாசித்துவிட வேண்டும். கட்டுமரத்தில் திக்குத் தெரியாமல் கிடக்கும் மனிதர்களின் பேச்சை அதைவிடக் கிட்டத்தில் கேட்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மீதி நான்கு. எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் ராபின்சன் குரூசோ. டேனியல் டீஃபோ எழுதி 1719இல் வெளிவந்தது. பழைய நூல் என்பதால் காப்புரிமைத் தொல்லை இல்லை. நகலெடுக்கலாம், சுருக்கலாம், தமிழில் நம் விருப்பப்படி சொல்லலாம். உடைந்த கப்பலுக்குத் தெப்பம் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் போய்ப் பொருள்களை இறக்கிவரும் பகுதி எந்த வகுப்பிலும் எடுபடும். கோழித் தீவனம் இருந்த பையை உதறிய இடத்தில் சில வாரம் கழித்து வாற்கோதுமையும் நெல்லும் முளைத்து நிற்கும். தெய்வச் செயல் என்று முதலில் கண் கலங்குவான். அப்புறம்தான் பையை உதறியது நினைவுக்கு வரும். அந்த இடத்தில் நிறுத்தி, நெல் முளைப்பதை நேரில் பார்த்தவர்கள் யார் என்று கேட்டேன். இரண்டு கைகள்தாம் உயர்ந்தன. அங்கே எனக்கு விஷயம் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. என் அளவுகோலின்படி இது எதிர்த்திசை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஃப்ரைடே. குரூசோ எதற்காகக் கப்பலேறினான் என்பதைச் சிறுவர் சுருக்கங்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன. ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கிவரப் போகும் வழியில்தான் அவன் கப்பல் உடைகிறது. அதற்கு முன்பு தன்னோடு சேர்ந்து தப்பித்து, தனக்காகப் பாடுபட்ட ஜூரி என்ற சிறுவனை அறுபது வெள்ளிக் காசுக்கு ஒரு கப்பல் தலைவனிடம் கொடுத்துவிட்டு வந்தவன் அவன். தீவில் ஒரு மனிதனைக் காப்பாற்றியதும் அவன் பெயரைக் கேட்பதில்லை. ‘ஃப்ரைடே’ என்று கிழமையின் பெயரை வைக்கிறான். தன்னை ‘எஜமான்’ என்று கூப்பிடக் கற்றுக்கொடுக்கிறான். எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னபோது, “அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கும் அல்லவா, மிஸ்? அதை ஏன் கேட்கவில்லை?” என்று ஒரு பெண் கேட்டாள். அவளுடைய அம்மா வீட்டுவேலைக்குப் போகிறவர். வேலைக்குப் போன இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடப்படாதது என்ன என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த ஒரு கேள்விக்காகவே ஃப்ரைடே வரும் அத்தியாயத்தை நடத்தலாம். ஆனால் அடிமை வணிகம், மதம், வெள்ளையர் பார்வை என்று அதைச் சுற்றியுள்ளதை எல்லாம் பேசாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும். பேசினால் ஒரு பருவம் போதாது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். தீவில் அவன் கழித்த 28 ஆண்டுகளின் தட்டுமுட்டுச் சாமான் கணக்கைக் கேட்டுப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கொட்டாவி விடுவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் குறுநாவலை எங்கள் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதே இல்லை. 2018இல் வந்த ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ‘கிழவனும் கடலும்’ என்று படக்கதையாகவே இருக்கிறது. 84 நாட்களாக ஒரு மீனும் அகப்படாத கிழவர் சாண்டியாகோ, 85ஆம் நாள் தன் படகைவிட நீளமான மீனைத் தூண்டிலில் பிடித்து, கரை சேர்வதற்குள் சுறாக்களிடம் அதை இழக்கிறார். வீட்டில் இருக்கும் அப்பாவையும் தாத்தாவையும் வகுப்புக்குள் கொண்டுவர இதைவிட நல்ல புத்தகம் இல்லை. கயிறு உள்ளங்கையை அறுக்கும் இடத்தை வாசித்துவிட்டு, ‘வீட்டில் யாருடைய கையையாவது பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்’ என்று சொன்னேன். மறுநாள் ஒரு பையன் எழுதிவந்தது நான்கே வரி. தாத்தாவின் ஆள்காட்டி விரல் முழுவதும் மடங்குவதில்லை என்றும், சோறு பிசையும்போது அந்த விரல் மட்டும் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்றும், அது ஏன் என்று இத்தனை நாள் கேட்டதில்லை என்றும் எழுதியிருந்தான்.

ஆனாலும் ஒரு பருவத்துக்கான நாவல் இது இல்லை. அத்தியாயப் பிரிவே கிடையாது. மணி அடிக்கும்போது எங்கே நிறுத்துவது என்பது ஒவ்வொரு முறையும் போராட்டம். கதையின் பெரும்பகுதி ஒரு முதியவர் தன்னோடு தானே பேசிக்கொள்வது. பிள்ளைகள் அவருக்காக வருத்தப்பட்டார்களே தவிர, அந்தப் படகில் தங்களை வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் வைத்துக்கொண்டால் பொன்னான நேரம். அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். கேரி பால்சனின் ‘ஹாட்செட்’ 1987இல் வந்தது. பிரையன் என்ற பதின்மூன்று வயது நகரத்துச் சிறுவன், கனடாவில் இருக்கும் அப்பாவைப் பார்க்கச் சிறு விமானத்தில் போகிறான். விமானிக்கு நடுவானில் மாரடைப்பு. விமானம் காட்டுக்குள் ஓர் ஏரியில் விழுகிறது. இடுப்பு வாரில் அம்மா பரிசாகக் கொடுத்த கைக்கோடாலி மட்டும். 54 நாட்கள்.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் இதைத்தான் எடுத்தேன். முதல் நாளே வகுப்பு என் கைக்கு வந்துவிட்டது. அத்தியாயங்கள் சின்னவை, ஒவ்வொன்றும் ‘அடுத்து என்ன’ என்கிற இடத்தில் நிற்கும். வாக்கியங்கள் குட்டை குட்டையாக, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி நகரும். ஆங்கிலத்தில் தடுமாறுகிற பிள்ளைக்கு அந்தத் திரும்பச் சொல்லல் பெரிய துணை. பிரையன் தன் சட்டைப் பையைக் கவிழ்த்து என்னென்ன இருக்கிறது என்று எண்ணும் இடம் வந்தது: கொஞ்சம் சில்லறை, நகவெட்டி, இருபது டாலர் நோட்டு. பின்னால் தீ மூட்டுவதற்காக அந்த நோட்டையே கிழித்துப் பார்க்கிறான், பற்றவில்லை. “நோட்டையா கிழித்தான்?” என்று வகுப்பே பதறியது. வெள்ளம் வந்த அன்று உங்கள் வீட்டில் முதலில் எதைத் தூக்கி மேலே வைத்தார்கள் என்று, விருப்பமுள்ளவர்கள் மட்டும் எழுதச் சொன்னேன். ரேஷன் கார்டு, ஆதார், அரிசி மூட்டை, மாத்திரைப் பை என்று பட்டியல் நீண்டது. ஒருத்தி ‘தையல் மெஷினின் தலைப்பகுதி மட்டும், காலைக் கழற்ற நேரமில்லை’ என்று எழுதியிருந்தாள்.

பிள்ளைகள் என்னை முந்திக்கொண்ட இடம் மீன் பிடிக்கும் அத்தியாயம். பிரையன் ஈட்டி செய்கிறான், மீன் அதைவிட வேகமாக நழுவுகிறது. வில் அம்பு செய்கிறான், குறி தவறிக்கொண்டே இருக்கிறது. ஏன் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பின்வரிசையில் எண்ணூர்க் காட்டுக்குப்பத்துப் பையன் ஒருவன் எழுந்தான். “மிஸ், மீன் தெரிகிற இடத்தில் மீன் இருக்காது. அதற்குக் கீழே இருக்கும்” என்றான். கதையில் அந்த விடை இன்னும் வந்திருக்கவில்லை. தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து ஒரு ரூபாய்க் காசை உள்ளே போட்டோம். துடைப்பக் குச்சியால் சாய்வாகப் பார்த்துக் காசைத் தொடச் சொன்னேன். ஒன்பது பேர் குத்தினார்கள். ஒன்பது பேரின் குச்சியும் காசைத் தாண்டியே விழுந்தது. அந்தப் பையன் குச்சியின் நுனியை முதலில் தண்ணீருக்குள் விட்டான்; அது ஒடிந்ததுபோல் தெரிந்ததும் கொஞ்சம் கீழே இறக்கி, ஒரே குத்தில் காசைத் தொட்டான். முகத்துவாரத்தில் தாத்தாவோடு நின்று பழகியதாகச் சொன்னான். பிறகு வாசித்தால் பிரையனும் அம்பு நுனியைத் தண்ணீருக்குள் வைத்து, மீனுக்குச் சற்றுக் கீழே குறிவைக்கிறான். எட்டாம் வகுப்பு அறிவியலில் வரும் ஒளிவிலகலை நான் அதற்குப் பிறகு விளக்கவே தேவை இருக்கவில்லை.

54 நாட்கள் என்ற எண்ணையும் அவர்கள்தாம் எனக்குப் புரியவைத்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாட்கள். “தடைக்காலத்தைவிட ஏழு நாள் குறைவுதான்” என்று ஒரு பெண் சொன்னாள். அப்பா வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் அந்த 61 நாட்களின் நீளம் தெரிந்த பிள்ளைக்குத்தான் 54 என்பது வெறும் எண்ணாக இராது.

இவ்வளவு இருந்தும் இந்தப் புத்தகத்தில் மூன்று இடங்களில் ஆசிரியர் முன்கூட்டியே தயாராக வேண்டும். முதலாவது, தேடிவந்த விமானம் பார்க்காமல் திரும்பிப் போன பிறகு பிரையன் தன்னையே கோடாலியால் வெட்டிக்கொண்டான் என்று வருகிறது. சாக நினைத்தான் என்பது தெளிவு. சில வரிகள்தாம். அவற்றைத் தாண்டிக் குதித்தால், புத்தகத்தைத் தானாக எடுத்து வாசிக்கும் பிள்ளை அதைத் தனியாக எதிர்கொள்ளும். நான் அந்தப் பக்கத்தை மெதுவாகவே வாசித்தேன். அப்படித் தோன்றினால் யாரிடம் சொல்லலாம் என்று பேசினோம். 1098, 14417 ஆகிய உதவி எண்களைக் கரும்பலகையில் எழுதி அந்த வாரம் முழுக்க அழிக்காமல் வைத்தேன். இரண்டாவது, அம்மாவை வேறோர் ஆணோடு பார்த்துவிட்ட ரகசியத்தைப் பிரையன் மனத்துக்குள் சுமக்கிறான், பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். எந்த வகுப்பிலும் பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் இருப்பார்கள். ‘உங்கள் வீட்டில்’ என்று தொடங்கும் கேள்வியை அங்கே கேட்கவே கூடாது. மூன்றாவதை என் மாணவிகள்தாம் சொன்னார்கள். கதையில் பெண் என்று இருப்பவர் அந்த அம்மா ஒருவர்தான். அவரும் தப்பு செய்தவராக மட்டும் வருகிறார். பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு மேல் பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் மரியாதைக்காகக் கேட்டார்களே ஒழிய, பையன்களிடம் இருந்த பரபரப்பு அவர்களிடம் இல்லை.

அதனால்தான் இந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் ஸ்காட் ஓடெலின் ‘ஐலண்ட் ஆஃப் தி ப்ளூ டால்ஃபின்ஸ்’ நாவலுக்கு மாறினேன். 1960இல் வெளிவந்தது, மறு ஆண்டு அமெரிக்காவின் சிறுவர் இலக்கியப் பரிசான நியூபெரி பதக்கம் பெற்றது. கலிஃபோர்னியாக் கடலோரத்தில் ஒரு தீவு. கடல் நீர்நாய் வேட்டைக்கு வந்தவர்களோடு நடந்த சண்டையில் ஊர் ஆண்களில் பலர் இறந்துபோகிறார்கள். மிச்சமிருப்பவர்களைக் கப்பல் ஒன்று ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. தம்பி ராமோ தன் மீன் ஈட்டியை எடுக்க ஓடிக் கரையில் தங்கிவிட, பன்னிரண்டு வயது கராணா கப்பலிலிருந்து குதித்து அவனிடம் நீந்தி வருகிறாள். சில நாட்களிலேயே காட்டு நாய்கள் ராமோவைக் கொன்றுவிடுகின்றன. அப்புறம் பதினெட்டு ஆண்டுகள் அவள் தனியாக.

மெதுவான புத்தகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ‘ஹாட்செட்’ போலப் பிடரியைப் பிடித்து இழுக்காது. நடுவில் சிப்பி பொறுக்குவதும் கூடை முடைவதும் வேலி கட்டுவதுமாக ஆண்டுகள் நகரும். ராமோ இறக்கும் இடத்தை வாசித்த அன்று தம்பி உள்ள பிள்ளைகள் நான்கைந்து பேர் தலை குனிந்துவிட்டார்கள். ஆனால் இந்த மெதுவான புத்தகத்தில்தான் என் அளவுகோல் நிறைய இடங்களில் பொருந்தியது.

கராணாவின் ஊரில் பெண்கள் ஆயுதம் செய்யக் கூடாது. செய்தால் காற்று சீறும், நிலம் நடுங்கும், ஆபத்து நேரத்தில் அந்த ஆயுதம் ஒடிந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் அவள் வில் செய்கிறாள், பயந்துகொண்டே. இதை வாசித்ததும் காசிமேட்டுப் பெண்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எங்கள் வீட்டில் விரித்த வலையைப் பெண்கள் தாண்டக் கூடாது என்பார்கள்” என்றாள் ஒருத்தி. “படகில் கால் வைக்கக் கூடாது” என்றாள் அடுத்தவள். கூடையில் மீன் சுமப்பது, ஏலத்தில் நின்று விலை பேசுவது, கருவாடு காயவைப்பது எல்லாம் அம்மாக்கள். கடலுக்குள் மட்டும் போகக் கூடாது. சரியா தவறா என்று நான் தீர்ப்பு சொல்லவில்லை. பையன்களில் ஒருவன் “அம்மா போனால் வீட்டில் தங்கச்சியை யார் பார்ப்பது?” என்று கேட்க, அதற்கு நாலாபுறமிருந்தும் பதில் வந்தது. ஒரு பாடவேளை முழுவதும் நான் பேசவேயில்லை.

இன்னோர் இடம். தனிமை தாங்காமல் கராணா பழைய தோணியில் கிழக்கே கிளம்புகிறாள். வழியில் பலகை இடுக்கில் தண்ணீர் கசிகிறது. உடுத்திய பாவாடையைக் கிழித்து அடைக்கிறாள். திரும்பத் திரும்பக் கசிகிறது. முன்னால் போவதா, திரும்புவதா? அந்த வரியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வகுப்பைக் கேட்டேன். கடல் தெரியாத பிள்ளைகள் எல்லோரும் போகச் சொன்னார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் ஏறத்தாழ அத்தனை பேரும் திரும்பச் சொன்னார்கள். “காற்று மாறிவிட்டால் வலையை அறுத்துப் போட்டுவிட்டுக்கூடத் திரும்பிவிடுவார்கள், மிஸ். வலை மறுபடி வாங்கலாம்” என்று ஒருவன் விளக்கினான். சாகசக் கதை என்றால் முன்னே போவதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது புதிய செய்தி. கராணாவும் திரும்பிவிடுகிறாள்.

இருபத்தேழாவது அத்தியாயத்தில் கடல் உள்வாங்கி, பிறகு பேரலையாக எழுந்து வருகிறது. பாறையின் மேலே தொற்றி ஏறி அவள் பிழைக்கிறாள். இதை எங்கள் கரையில் யோசிக்காமல் வாசிக்க முடியாது. ஒரு வாரம் முன்பே பிள்ளைகளிடம் இப்படி ஒரு பகுதி வரப்போகிறது என்று சொன்னேன். கேட்க விரும்பாதவர்கள் நூலக அலமாரியை அடுக்கலாம் என்றும் சொன்னேன். ஒருத்தி மட்டும் போனாள். அவள் பாட்டி சுனாமியில் தன் அக்காவைப் பறிகொடுத்தவர். மற்றவர்கள் வீட்டில் கேட்டுவந்ததை விருப்பப்பட்டுச் சொன்னார்கள். யாரையும் நான் கேட்கவில்லை; கேட்கவும் கூடாது.

இதன் குறைகளில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கராணா பழங்குடிப் பெண்; ஓடெல் அந்தப் பழங்குடியைச் சேர்ந்தவர் இல்லை. கதைக்கு மூலமான சான் நிக்கோலஸ் தீவில் 1835 முதல் 1853 வரை ஒரு பெண் தனியாக வாழ்ந்தது வரலாறு. கராணாவின் மனத்துக்குள் ஓடும் எண்ணங்கள் ஓடெலின் கற்பனை. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால், ‘யார் கதையை யார் எழுதுகிறார்கள்’ என்று பிள்ளைகள் தாமாகக் கேட்கத் தொடங்குவார்கள். குரூசோவில் ஒரு பருவம் பிடிக்கும் விவாதம் இங்கே பிள்ளைகளின் அளவுக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது.

நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாவல்களையும் நான் ஆங்கில மூலத்தை வைத்துக்கொண்டு, பத்தி பத்தியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு நாளும் ஒரு பக்கத்தை மட்டும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் உரக்க வாசிப்பார்கள். முழுவதும் ஆங்கிலத்தில் நடத்தினால் கதை செத்துவிடுகிறது; முழுவதும் தமிழில் சொன்னால் ‘இந்தப் புத்தகத்தை நாமே வாசிக்கலாம்’ என்கிற துணிச்சல் வருவதில்லை. நாற்பது பேருக்கு ஐந்து பிரதிகள் போதும். வகுப்பில் பாடம் நடத்தும்போது சில பக்கங்களை நகலெடுப்பதை 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது; புத்தகத்தையே நகலெடுத்துத் தைக்காதீர்கள், ஐந்து பிரதியைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

காலம் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை விடுமுறையில் தொடர்ச்சி அறுந்துவிடும். வெள்ளம் சூழ்ந்த நாட்களில் வெள்ளக் கதை வாசிப்பதும் சரியில்லை. கராணாவின் கதைக்கு 29 சிறு அத்தியாயங்கள். ஜூனில் தொடங்கிப் பாடவேளைக்கு ஓர் அத்தியாயம் என்று போனால் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடலாம். பேரலை அத்தியாயம் செப்டம்பரில் வரும். டிசம்பரின் நினைவு நாட்களிலிருந்து தள்ளியே இருக்கும். ‘ஹாட்செட்’டுக்கு 19 அத்தியாயங்கள், பொங்கல் விடுமுறை முடிந்து தொடங்கினால் மார்ச்சுக்குள் முடியும்.

ஆக, ஒரே ஒரு நாவலுக்குத்தான் இடம் என்றால் நான் கராணாவை எடுப்பேன். ஏழாம் வகுப்பில், ஜூனில். உங்கள் வகுப்பு இதுவரை ஒரு முழு நாவலைக்கூடச் சேர்ந்து கேட்டதில்லை, பின்வரிசை அடங்காது என்றால் முதலில் பிரையனைக் கூப்பிடுங்கள். கேட்கும் பழக்கத்தை அவன் உண்டாக்கிக் கொடுப்பான், அடுத்த ஆண்டு கராணாவிடம் போகலாம். மீனவர் குடும்பங்கள் இல்லாத, கொஞ்சம் உள்தள்ளிய வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கத்து வகுப்புகளில் இரண்டும் சமமாகவே நிற்கும் என்பது என் எண்ணம். அங்கே பெண்பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுங்கள்.

கராணாவை முடித்த நாளைப் பற்றி ஒன்று. கடைசியில் கப்பல் வருகிறது, அவள் ஏறிக்கொள்கிறாள். புத்தகம் அங்கே நிற்கிறது. “கப்பலில் இருந்தவர்களுக்கு அவள் பேசியது புரிந்ததா, மிஸ்?” என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். சான் நிக்கோலஸ் தீவில் உண்மையில் வாழ்ந்த அந்தப் பெண்ணைக் கலிஃபோர்னியாக் கரையிலுள்ள சாந்தா பார்பராவுக்கு அழைத்து வந்தார்கள். அவள் மொழி தெரிந்தவர் யாரும் அங்கே கிடைக்கவில்லை என்கிறார்கள். ஏழே வாரத்தில் இறந்துபோனாள். அவள் பேசியதில் நான்கே சொற்கள்தாம் எழுதிவைக்கப்பட்டன.

மூன்றாம் வரிசையில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் இருக்கிறான். அப்பாவுக்கு மணலியில் வேலை. நாலாம் வகுப்பில் இங்கே சேர்ந்தபோது தமிழில் ஒரு சொல்லும் தெரியாது என்று அவனுடைய பழைய ஆசிரியர் என்னிடம் சொல்லியிருக்கிறார். பருவம் முழுக்க அவன் வாய் திறந்ததில்லை. அன்று எழுந்து நின்றான்.

“எனக்கு முதலில் தெரிந்த சொல் ‘தண்ணீர்’, மிஸ். இரண்டாவது ‘தள்ளி உட்கார்’.”